கிளம்புகிற நாளில் வீட்டில் சண்டை வருவது எங்கள் வீட்டில் மட்டும்தானா?

தூரத்து_மகன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா அம்மாவோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று மனைவி, மகளோடு வந்தேன், இந்த வாரக் கடைசியில் திரும்ப விமானம். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். வந்த நாளிலிருந்து வீடு கலகலவென்று இருக்கும், கிளம்ப இரண்டு மூன்று நாள் இருக்கும்போது எல்லோருக்கும் கோபம் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்பா பெட்டியை எடை போட்டுக்கொண்டே இருக்கிறார். கையில் தூக்கிப் பிடிக்கிற கொக்கித் தராசு ஒன்று வைத்திருக்கிறார். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, படுக்கப் போகும் முன் ஒரு தடவை. நடுவில் யாரும் பெட்டியைத் திறக்கவே இல்லை. 22.6 காட்டுகிறது, அனுமதி 23 கிலோ, "எதற்கும் இன்னும் ஒரு அரைக் கிலோ குறைச்சிடேன்" என்கிறார். நேற்று "போதும்ப்பா" என்றேன், அவ்வளவுதான். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று தராசை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மா அதற்கு என்மேல் கோபம். தங்கை அவர்களோடுதான் இருக்கிறாள், அவள் எங்கள் எல்லோர் மேலும் கோபம்.

நான் கேட்க வந்தது மூன்று விஷயம். அப்பா அம்மாவை விமான நிலையத்துக்கு வரச் சொல்வதா வேண்டாமா? நான்கு வயது மகளிடம் கிளம்புவதை எப்போது சொல்வது? திரும்பிப் போன முதல் வாரம் எனக்குச் சுத்தமாக எதுவும் ஓடாது, அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

வாசலோடு_சரி

விமான நிலையத்துக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. அங்கே என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வண்டியை நிறுத்த விட மாட்டார்கள், பின்னால் நிற்பவன் ஹாரன் அடிப்பான், தள்ளுவண்டியில் பெட்டி சரியும், குழந்தை அந்த நேரம் பார்த்துக் கழிப்பறை கேட்கும். இதற்கு நடுவில் கட்டிப்பிடித்து அழ வேண்டும். அப்புறம் நீங்கள் உள்ளே போய்விடுவீர்கள், உங்களுக்கு வரிசை, சோதனை, வாயில் எண் என்று அடுத்தடுத்து வேலை இருக்கும். அவர்கள் அதே வண்டியில் அர்த்தராத்திரியில் திரும்பிப் போக வேண்டும். வரும்போது நிறைய பேர் இருந்த வண்டி, போகும்போது இரண்டே பேர்.

வாசலில் விடைபெற்றால் குறைந்தபட்சம் அவர்கள் இருப்பது அவர்கள் வீட்டில். உட்கார நாற்காலி இருக்கும்.

கணக்குப்பிள்ளை

வாசலா விமான நிலையமா என்பதைவிட அந்தக் கடைசி நேரம் எப்படி முடிகிறது என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். டேனியல் கானமன், 2002-இல் பொருளாதார நோபல் வாங்கிய உளவியலாளர், 1993-இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். கையை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 வினாடி வைக்க வேண்டும். இன்னொரு தடவை அதே 60 வினாடி, அதோடு கூடுதலாக ஒரு 30 வினாடி, அந்த 30 வினாடியில் நீரை மெதுவாக ஒரே ஒரு டிகிரி சூடாக்குவார்கள். இதில் எதை மறுபடி செய்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் நீண்டதைத்தான் கேட்டார்கள். மொத்த வலி அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. நம் ஞாபகம் ஒரு அனுபவத்தின் நீளத்தைப் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை, உச்சத்தையும் முடிவையும்தான் பிடித்துவைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு.

ஆக, பெட்டி எடைக்காகச் சண்டை போட்டுவிட்டு விமானம் ஏறினால் வந்து இருந்த அத்தனை நாளும் அந்தச் சண்டை வழியாகத்தான் ஞாபகத்தில் நிற்கும். அதனால் கடைசி நாளில் வேலை எதுவும் வைக்காதீர்கள். பெட்டி இரண்டு நாள் முன்பே மூடப்பட வேண்டும், கடை, உறவினர் வீடு, வங்கி எல்லாம் அதற்கும் முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு கணக்கு. பெற்றோருக்கு 75 வயது, நீங்கள் வருடத்துக்கு இரண்டு வாரம் போகிறீர்கள், அவர்கள் இன்னும் 10 வருடம் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் இருப்பது 140 நாள். ஐந்து மாதம்கூட இல்லை. இதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் தராசுச் சண்டை வராது.

சும்மா_ஒருவன்

ஐயா கணக்குப்பிள்ளை, இப்படி ஒரு கணக்கைப் போட்டுக் கையில் கொடுத்தால் அவர் விமானமே ஏற மாட்டார்.

என் வழி சுலபம். அதிகாலை வண்டி, எல்லோரும் தூங்கும்போது கிளம்பிவிடுவது, போய்ச் சேர்ந்ததும் போன். யாருக்கும் அழுகை இல்லை.

மழலைக்கூடம்

சும்மா_ஒருவன், பெரியவர்களிடம் அது எப்படியோ, தயவுசெய்து குழந்தை இருக்கிற வீட்டில் அப்படிச் செய்யாதீர்கள். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல காலமாக இருக்கிறேன், எங்கள் வேலையில் முதல் பாடமே இதுதான். யாரும் குழந்தைக்குத் தெரியாமல் நழுவக் கூடாது. நழுவினால் அந்த நேரத்து அழுகை மிச்சம் ஆகும், உண்மைதான். ஆனால் அடுத்து நீங்கள் குளிக்கப் போனாலும் அது கதவுக்கு வெளியே நின்று தட்டும், ஏனென்றால் மனிதர்கள் எந்த நேரமும் காணாமல் போகலாம் என்று அது புரிந்துகொண்டுவிட்டது.

மேரி எயின்ஸ்வர்த் என்ற உளவியலாளர் 1970-களில் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து இதைத்தான் பார்த்தார். தாய் அறையை விட்டு வெளியே போவார், கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவார். போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, திரும்பி வந்ததும் அவளிடம் போய் ஒட்டிக்கொண்டு சமாதானம் ஆகிறதா என்பதுதான் அதிகம் சொல்லியது. அழுகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தூரத்து_மகன், உங்கள் மகளுக்கு நான்கு வயது என்கிறீர்கள். வாரக்கணக்கில் முன்கூட்டிச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அந்த வயதில் "அடுத்த சனிக்கிழமை" என்பதும் "ஒருநாள்" என்பதும் ஒன்றுதான். இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள், "இன்னும் இரண்டு தடவை தூங்கி எழுந்தால் விமானம்" என்று. தாத்தா பாட்டி கூட வர மாட்டார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பல குழந்தைகள் விமானத்துக்குச் சந்தோஷமாகக் கிளம்பிவிட்டு, கதவு மூடிய பிறகுதான் தாத்தாவைத் தேடும். அப்புறம் அவள் பொம்மை ஒன்றைப் பாட்டி வீட்டிலேயே விட்டு வரச் சொல்லுங்கள், அவளே இடம் பார்த்து வைக்கட்டும். வீடியோவில் பேசும்போது அந்தப் பொம்மை எங்கே இருக்கிறது என்று கேட்பதற்காவது அவள் திரையின் முன் உட்காருவாள். மற்றபடி நான்கு வயதுக் குழந்தையிடம் "பாட்டியோடு பேசு" என்று போனைக் கொடுத்தால் அது கூரையைத்தான் காட்டும்.

கூடவே_இருப்பவள்

இதுவரை எழுதிய எல்லோருமே கிளம்புகிறவர்கள். நான் கிளம்பாதவள். அப்பா அம்மாவோடு இருப்பது நான், வந்து போவது அண்ணன். அதனால் கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை சொன்ன "முடிவு இதமாக இருக்க வேண்டும்" என்பது கிளம்புகிறவருக்குச் சரி. எங்களுக்கு நீங்கள் போவது முடிவே இல்லை, அதற்கு அடுத்த நாள் காலை இருக்கிறது. நீங்கள் வாசலில் அழுதுவிட்டு வண்டி ஏறிவிடுவீர்கள், அந்த அழுகையோடு நாலைந்து நாள் வீட்டில் இருப்பது நான். அம்மா சரியாகத் தூங்க மாட்டார், அப்பா பேச மாட்டார், ரத்த அழுத்தம் ஏறும், மாத்திரையை மறப்பார்கள். இதில் பாதி நீங்கள் வாசலில் சொன்ன வார்த்தைகளால் வருவது. "அடுத்த தடவை இரண்டு மாதம் இருக்கிற மாதிரி வருகிறேன்" என்று அந்த உணர்ச்சியில் ஒரு வாக்கு கொடுப்பீர்கள். உங்களுக்கு அது ஆறுதல் வார்த்தை. அம்மாவுக்கு அது தேதி. அவர் நாட்காட்டியைப் புரட்டுவார், பக்கத்து வீட்டில் சொல்லுவார், உங்கள் அறைப் போர்வையைத் துவைத்து வைப்பார். விடுப்பு கிடைக்கவில்லை என்று நீங்கள் ஆறு மாதம் கழித்துப் போனில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்ப்பது நான். டிக்கெட் எடுக்காமல் எதையும் சொல்லாதீர்கள். "பார்த்துக்கொண்டு சொல்கிறேன்" என்றால் போதும், அதில் யாருக்கும் குறை இல்லை.

இன்னொன்று. வந்து இருக்கும் நாட்களில் வீட்டைத் திருத்துவது. மாத்திரைப் பெட்டியை மாற்றுவது, தரைவிரிப்பை எடுப்பது, புதுக் கருவி ஒன்று வாங்கி மாட்டுவது, மருத்துவரை மாற்றலாம் என்று யோசனை சொல்வது. எல்லாம் அன்பில்தான், தெரியும். ஆனால் நீங்கள் போன பிறகு அந்தக் கருவி கீ கீ என்று கத்தும்போது அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. வந்த முதல் வாரத்திலேயே மாற்றுங்கள், கூட இருந்து பழக்கிவிட்டுப் போங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

சண்டை பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வீட்டிலும் உண்டு. பிரிவதற்குக் கோபம் கொஞ்சம் உதவி செய்கிறது என்று எனக்குப் படுகிறது, சண்டை போட்ட ஆளை அனுப்பிவைப்பது சுலபம். உங்கள் தங்கை எல்லோர் மேலும் கோபமாக இருப்பதற்குக் காரணம் தராசாக இருக்காது. அவளிடம் தனியாக விடைபெற்றீர்களா என்று ஒரு தடவை பாருங்கள். வாசலில் எல்லோரும் அப்பாவையும் அம்மாவையும்தான் கட்டிப்பிடிப்பார்கள். நாங்கள் பெட்டி தூக்கிக்கொண்டு நிற்போம்.

வாசலோடு_சரி

அக்கா, கடைசி வரியைப் படித்துவிட்டு என் தம்பிக்குப் போன் செய்தேன். அவன்தான் எங்கள் வீட்டில் பெட்டி தூக்குகிறவன். "என்ன விஷயம், பணம் வேணுமா" என்று கேட்டான்.

இரவு_ஷிப்ட்

முதல் வாரம் எதுவும் ஓடாது என்று கேட்டதற்கு என் பதில். தூக்க ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை.

அந்த வாரத்துச் சோகத்தில் எவ்வளவு பிரிவு, எவ்வளவு தூக்கக் கேடு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதாலமஸில் ஒரு சின்ன நரம்புத் தொகுப்பு இருக்கிறது, உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். அந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2017-இல் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. மனிதர்களுக்கு அது சராசரியாக 24 மணி நேரம் 11 நிமிடம் ஓடுகிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1999-இல் அளந்து சொன்னார்கள். ஒரு நாளைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் நேரத்தைத் தள்ளிப்போடுவது உடம்புக்குச் சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். மேற்கே பறப்பவர்கள் சீக்கிரம் தேறுவதும் கிழக்கே பறப்பவர்கள் திண்டாடுவதும் இதனால்தான். தோராயமாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், எட்டு மணி நேர வித்தியாசம் என்றால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம்.

அந்த ஒரு வாரமும் அதிகாலை 3 மணிக்கு முழிப்பு வரும். அந்த நேரத்தில் எல்லாக் கவலையும் பெரிதாகத்தான் தெரியும். "ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறோம், வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாமா" என்ற யோசனை வராத ஆளை நான் பார்த்ததில்லை. அந்த யோசனை தப்பு என்று சொல்லவில்லை, சரியாகத் தூங்கிய ஒரு பகலில் யோசியுங்கள் என்கிறேன். ராஜினாமாக் கடிதம் எல்லாம் அப்புறம்.

செய்ய வேண்டியது: போய் இறங்கிய ஊரின் நேரத்துக்கே சாப்பாடு, தூக்கம். பகலில் வெளியே வெளிச்சத்தில் நடப்பது, வெளிச்சம்தான் அந்தக் கடிகாரத்தைத் திருப்பும் சாவி. மதியம் தூங்கியே ஆக வேண்டும் என்றால் அரை மணியோடு எழுந்துவிடுங்கள். முடிந்தால் வேலைக்குப் போகும் முன் ஒரு நாளாவது இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள், ஞாயிறு இரவு இறங்கித் திங்கள் காலை அலுவலகம் போவது உங்களை நீங்களே தண்டிப்பது. குழந்தையும் இதே கடிகாரத்தோடுதான் வருகிறது, அது நள்ளிரவில் எழுந்து பாட்டியைக் கேட்டு அழுதால் ஏக்கம் பாதி, பகல் என்று அது நினைத்துக்கொண்டிருப்பது பாதி.

மறதியின்_மகள்

கொஞ்சம் வேறு மாதிரியான கேள்வி, இங்கேயே கேட்கலாமா தெரியவில்லை. என் அம்மாவுக்கு அல்சைமர். வருடத்துக்கு இரண்டு தடவையாவது போகிறேன். கிளம்பும் விஷயத்தைக் காலையில் சொன்னால் அழுவார், பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார், பெட்டியைப் பார்த்ததும் மறுபடி "எங்கே போறே" என்பார், மறுபடி சொல்ல வேண்டும், மறுபடி முதல் தடவை கேட்கிற மாதிரியே அழுவார். ஒரே நாளில் அதே துக்கத்தை அவருக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. மேலே மழலைக்கூடம் அக்கா சொன்னதைப் படித்தேன், நழுவக் கூடாது என்று. அம்மாவிடமும் அப்படித்தானா?

மழலைக்கூடம்

இல்லம்மா, நான் சொன்னது குழந்தைக்கு. குழந்தை நீங்கள் போனதையும் வந்ததையும் சேர்த்து வைத்து மனதில் ஒரு கணக்கு எழுதிக்கொண்டே வருகிறது. உங்கள் அம்மாவின் நிலை அது இல்லை. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லட்டும்.

கூடவே_இருப்பவள்

என் மாமியாரை இதே நோயோடு கடைசிவரை பார்த்தேன், அதனால் சொல்கிறேன். முன்கூட்டி அறிவிக்காதீர்கள். பெட்டி அவர் கண்ணில் படக் கூடாது, பக்கத்து வீட்டிலோ வண்டியிலோ முதல் நாளே வைத்துவிடுங்கள். வெளிக்கோட்டு, செருப்பு, கைப்பை எதுவும் கையில் இல்லாமல் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவருக்குப் பிடித்த வேலை ஏதாவது இருக்குமே, எங்கள் மாமியார் துணி மடிப்பார், ஒரே துண்டைப் பத்துத் தடவை கொடுத்தாலும் மடிப்பார். அந்த வேலையில் இருக்கும்போது, பழகிய ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, கையைப் பிடித்து "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். எங்கே, எத்தனை நாள் என்றெல்லாம் விளக்க வேண்டாம். அவர் கேட்டால் மட்டும் பொய் இல்லாமல் சின்னதாக ஒரு பதில். சாயங்காலத்தில் கிளம்பாதீர்கள், இந்த நோயில் பலருக்குப் பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடும்.

இரவு_ஷிப்ட்

இதோடு ஒன்று சேர்க்கிறேன். ஐயோவா பல்கலைக்கழகத்தில் 2014-இல் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் திரையில் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதே பெரும்பாலும் அவர்களுக்கு ஞாபகம் இல்லை, ஆனால் காட்சி கிளப்பிய உணர்வு அரை மணி நேரம் வரை கூடவே இருந்தது. மறதியின்_மகள், நீங்கள் வந்து போனது அம்மாவுக்கு ஞாபகம் இல்லையே, வந்து என்ன பயன் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதேபோல, அழவைத்துவிட்டுக் கிளம்பினால் அழுததன் காரணம் மறந்த பிறகும் அந்தச் சோகம் மட்டும் அவரிடம் இருக்கும், அதனால் அக்கா சொன்ன வழிதான் நல்லது.

மறதியின்_மகள்

துணி மடிப்பதை எழுதி வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குப் பொத்தான் டப்பா. நிறம் பிரித்துப் போட்டுக்கொண்டே இருப்பார். நன்றி, இரண்டு பேருக்கும்.

பழைய_தபால்

நான் வழியனுப்புகிற கூட்டம். மூன்று பிள்ளைகளும் மூன்று திசையில். கூடவே_இருப்பவள் அம்மா மாதிரி ஒருத்தி எங்களுக்கு வாய்க்கவில்லை, நானும் வீட்டுக்காரியும் மட்டும்தான். எல்லோரும் பெற்றோர் மனசைப் பற்றியே பேசுகிறீர்கள், அதனால் பெற்றோர் ஒருவனே வந்து சொல்லிவிடலாம் என்று.

யாரும் சொல்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். நீங்கள் கிளம்பிப் போன மறுநாள் காலையில் எங்களுக்கு ஒரு நிம்மதி வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள். என் நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைக்கும், குளியலறைக்கு வரிசை இல்லை, செய்தியை என் சத்தத்தில் கேட்கலாம், ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கலாம். பேரப்பிள்ளைகள் வந்தால் சந்தோஷம்தான், ஆனால் எழுபது தாண்டிய முதுகுக்கு அந்தச் சந்தோஷத்தைத் தூக்கிச் சுமப்பதும் வேலைதான். வெளியே சொன்னால் பிள்ளை மனம் கோணுமே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கும் அந்த நிம்மதி உண்டு என்று எனக்குத் தெரியும், சொந்தப் படுக்கையில் படுக்கும்போது முகத்தில் தெரியும். அதற்காக ரெண்டு பக்கமும் குற்ற உணர்ச்சியில் தவிக்க வேண்டாம்.

இரண்டாவது. போய் இறங்கியதும் போன், மறுநாள் காலை போன், மாலை போன், குழந்தை வீடியோ என்று முதல் இரண்டு மூன்று நாள் அமர்க்களப்படும். அந்த நாட்களில் எங்களுக்குப் பேசவே தெம்பு இருக்காது, போர்வை துவைக்கிற வேலை இருக்கும், வந்து விசாரிக்கிறவர்கள் இருப்பார்கள். அப்புறம் உங்களுக்கு அலுவலகம், பிள்ளைக்குப் பள்ளி, போன் குறைந்துவிடும். பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்கு வீடு பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கிறது, கட்டிலுக்கு அடியில் பேத்தியின் ஒற்றைக் காலுறை கிடைப்பதும் அப்போதுதான். முடிந்தால் இதை மாற்றிப் போடுங்கள். இறங்கியதும் ஒரு வரி, "வந்துட்டோம்" என்று. மிச்சப் பேச்சை இரண்டாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் காலத்தில் வான்கடிதம் என்று ஒன்று உண்டு, அதுவே தாள், அதுவே உறை, மெல்லிசாக இருக்கும், மடித்து ஒட்ட வேண்டும். போய்ச் சேர்ந்தேன் என்று என் அண்ணன் எழுதியது எங்கள் அப்பா கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அப்புறம் ஸ்கைப் வந்தது, 2003-இல் ஆரம்பித்து 2025 மே மாதத்தோடு அதையும் மூடிவிட்டார்கள். எது வந்தாலும் எங்கள் பக்கத்திலிருந்து நாங்களாகக் கூப்பிடுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? உங்கள் வேலை நேரம் கெடுமோ, தூங்குவீர்களோ என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே இருப்போம். இந்தக் கிழமை, இந்த மணிக்கு என்று ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனால் எங்களுக்குப் பெரிய உபகாரம்.

தராசு விஷயம். தம்பி, உங்கள் அப்பாவுக்குச் செய்வதற்கு வேறு என்ன வேலை மிச்சம் வைத்திருக்கிறீர்கள்? சமையல், துணி, பேத்தி எல்லாம் அம்மா கையில். டிக்கெட், பாஸ்போர்ட் உங்கள் கையில். அவருக்குக் கிடைத்தது அந்தத் தராசு ஒன்றுதான். அதையும் "போதும்" என்றால் மனிதர் என்னதான் செய்வார்.

கணக்குப்பிள்ளை

ஐயா, என் 140 நாள் கணக்கை வாபஸ் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அதில் எத்தனை நாள் உங்களுக்கு ஓய்வு வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும், சரி.

தூரத்து_மகன், அப்பாவுக்கு வேலை கொடுக்கலாமே. பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி எதுவும் பெரிய பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான், அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பல நாடுகள் அதைக் கேட்கின்றன. பெட்டிப் பூட்டின் எண்களை அவரிடமே சொல்லி வையுங்கள். எடை அவர் துறை என்று ஒப்படைத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

சும்மா_ஒருவன்

நான் அதிகாலையில் நழுவுவது பற்றி எழுதியதற்கு எங்கள் அம்மாவிடமே கேட்டுப் பார்த்தேன். "நீ கதவைத் திறக்கிற சத்தம் எனக்கு எப்பவும் கேட்கும், நீ சங்கடப்படக் கூடாதுன்னு கண்ணை மூடிப் படுத்திருப்பேன்" என்கிறார். இனி எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

தூரத்து_மகன்

வந்து சேர்ந்துவிட்டோம். கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன், இரவு_ஷிப்ட் சொன்ன 3 மணி முழிப்பு எனக்கு அப்படியே நடந்தது, மூன்றே கால் இருக்கும்.

வாசலோடு_சரி சொன்னபடி வீட்டு வாசலில் விடைபெறுவது என்று முடிவு செய்து, முதல் நாள் மாலையே எல்லோரும் உட்கார்ந்து பேசி முடித்தோம். மறுநாள் வண்டி வந்தது. பெட்டிகளை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட்டும் போட்டாயிற்று. யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமா பையன் ஒருவனையும் கூட ஏற்றிக்கொண்டோம், திரும்பும்போது அவருக்குத் துணையாக இருக்கும் என்று. வழியெல்லாம் அப்பா ஓட்டுநரிடம் பாதை சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கியதும் பெட்டியைத் தள்ளுவண்டியில் அவர்தான் வைத்தார். மகள் பொம்மையைப் பாட்டியின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள். இப்போது தினமும் அதற்கு ஜலதோஷம் சரியாகிவிட்டதா என்று கேட்கிறாள், ஜலதோஷம் எப்போது வந்தது என்று எங்களுக்குத் தெரியாது.

தங்கையிடம் முந்தின நாள் ராத்திரி தனியாகப் பேசினேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் நிறையச் சொன்னாள். அதில் ஒன்று, அவள் ஒரு நாள்கூட வெளியூர் போய்த் தங்கி ரொம்ப காலம் ஆகிறது என்பது. அடுத்த தடவை நான் போகும்போது அவளை எங்காவது அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறேன். கேட்டால் "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்கிறாள். கூடவே_இருப்பவள் அக்கா, உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு சின்னக் கேள்வி, பழைய_தபால் ஐயா சொன்ன மாதிரி பேசுவதற்கு ஒரு நேரம் வைத்துவிட்டோம். எங்கள் பக்கம் வருடத்தில் இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றுவார்கள், அவர்கள் பக்கம் மாற்ற மாட்டார்கள். அப்போது என்ன செய்கிறீர்கள்?

பழைய_தபால்

எங்கள் நேரத்தை மாற்றாதீர்கள், உங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். எங்களுக்கு மாத்திரை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒரே வரிசை.

கூடவே_இருப்பவள்

தம்பி, "போகிறாயா" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் அதே பதில்தான் வரும், நானும் அதைத்தான் சொல்வேன். நீங்கள் வருகிற தேதிகளை அனுப்பி, "இதில் எந்த வாரம் நீ இல்லை" என்று கேளுங்கள். போவது முடிவான மாதிரி பேசுங்கள். அவள் வாரத்தைச் சொன்னதும், மாத்திரை வேளை, மருத்துவர் எண், அப்பாவுக்கு எது ஒத்துக்கொள்ளாது, ராத்திரி எந்த விளக்கு எரிய வேண்டும், எல்லாவற்றையும் அவள் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். "நானே கண்டுபிடித்துக்கொள்வேன்" என்று நீங்கள் சொன்னால் அவள் கிளம்ப மாட்டாள். அவள் கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் அவள் எதிரிலேயே நீங்கள் அதைச் செய்யுங்கள், அவள் சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும். முதல் நாள் பத்துத் தடவை கூப்பிடுவாள். பத்துத் தடவையும் எடுங்கள். இரண்டாம் நாள் குறையும். நீங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் அவள் வந்து இறங்குகிற மாதிரி மட்டும் வைக்காதீர்கள், குறைந்தது நாலு நாளாவது இடைவெளி இருக்கட்டும்.